ஐடெல்லா ஏன் வாயைப் பொத்திக்கொள்கிறாள்

டாகெட் மில் லைன் வீடுகளில் யாரிடம் வேண்டுமானாலும் ஐடெல்லாவைப் பற்றிக் கேளுங்கள், முதலில் அந்தக் கைக்குட்டையைத்தான் சொல்வார்கள். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதும், கடையில் மாவுக்கும் மொச்சைக்கும் வரிசையில் நிற்கும்போதும், தனியாக எங்கே உட்கார்ந்தாலும் வெள்ளைக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். பல் சொத்தை என்கிறார்கள். மூக்குப்பொடியை ஈறில் அடக்கி வைத்திருக்கிறாள், அதை மறைக்கிறாள் என்கிறார்கள். போன மாதம் புதிதாக வந்த பாஸ்டரின் மனைவி, பாவம் ஏதாவது நோயா என்று என்னிடமே கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு என்ன பதில் சொன்னேன் என்று இங்கே சொல்ல வேண்டாம். அந்தம்மாள் அதற்கப்புறம் என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறாள்.

என் பெயர் கிளெட்டஸ். தறி ஃபிட்டர். இருபத்தாறு வருஷமாக ஐடெல்லாவின் தறிகளை நான்தான் பழுதுபார்க்கிறேன். பதினோரு கோடைக்காலம் எங்கள் மில் பேஸ்பால் அணிக்கு கேட்ச்சராக, பேட் பிடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தேன். இரண்டு முழங்காலும் அதற்கே போய்விட்டன. ஆகவே இந்த விஷயத்தில் ஊரில் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும், சொல்லவும் எனக்குத்தான் உரிமை இருக்கிறது.

ஐடெல்லா பதிமூன்று வயதில் மில்லுக்குள் வந்தவள். அம்மா செத்துப்போனாள், அப்பன் எங்கே போனான் என்று தெரியவில்லை, இடுப்பில் ஐந்து வயதுத் தம்பி ஹோய்ட். அவனை வளர்த்தவள் அவள்தான். தறிக்கூடத்தில் இருநூறு தறிகள் ஒன்றாக அடிக்கும். பக்கத்தில் நிற்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் நாங்கள் கத்துவதில்லை. சத்தமே இல்லாமல் உதட்டை அசைப்போம், எதிரே இருப்பவர் படித்துக்கொள்வார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, யார் வீட்டில் என்ன குழம்பு, யார் பெண் யாரோடு சுற்றுகிறாள், எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். பழைய பாஸ்டருக்கு இதுதான் தலைவலி. நெசவாளிகள் ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் பெஞ்சு ஊர்வம்பு பேசுகிறார்கள், நான் எதை என்று கண்டிப்பது என்று புலம்புவார்.

இதில் இன்னொன்றும் உண்டு. பல வருஷம் தறியில் நின்றவர்களுக்கு மனசில் நினைப்பதெல்லாம் உதட்டுக்கு வந்துவிடும். தெரிந்து செய்வதில்லை. தெருவில் நடக்கும்போது பாருங்கள், பாதிப் பேர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்பார்கள். எங்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. தனியாக முணுமுணுக்கிறவர் முகத்தை உற்றுப் பார்க்கமாட்டோம்.

உதடு படிப்பதில் ஐடெல்லாவை மிஞ்ச ஆள் கிடையாது. வாயில் புகையிலை அடைத்திருந்தாலும், பாதி முகம் திரும்பியிருந்தாலும், எண்பது அடி தள்ளி நின்றாலும் படித்துவிடுவாள்.

யுத்தம் வந்தது. அவள் புருஷன் ரூஃபஸ் இத்தாலியில் செத்தான். தம்பி ஹோய்ட் பெல்ஜியத்துப் பனியில் படுத்துக் கிடந்து, நிமோனியா வந்து, பாதி நுரையீரலோடு திரும்பி வந்தான். ராணுவ டாக்டர் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: தூசி ஆகாது. பஞ்சு மில்லுக்குத் திரும்புகிறவனுக்கு இது என்ன புத்திமதி? வேறு எங்கே போவது? லைன் வீட்டில் குடியிருக்க வேண்டுமானால் அறைக்கு ஓர் ஆள் மில்லில் வேலை செய்தாக வேண்டும் என்பது சட்டம். ஐடெல்லாவுடையது இரண்டு அறை வீடு. ரூஃபஸ் போய்விட்டான். ஹோய்ட் வேலைக்கு வராவிட்டால் வீடு கிடையாது.

ஆனால் ஹோய்ட்டுக்கு ஒரு கை இருந்தது. அவன் பந்து வீசினால், சும்மா சொல்லக் கூடாது, என் கையுறைக்குள் வந்து விழும்போது உள்ளங்கை எரியும். கடைசி நொடியில் பந்து கீழே இறங்கும். எத்தனையோ பேர் காற்றை அடித்துவிட்டு அசடு வழிந்துகொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் மில் மேனேஜர் கில்ஸ்ட்ராப்புக்குப் பேஸ்பால் பைத்தியம். நாற்பத்தெட்டு ஏப்ரலில் அக்கா, தம்பி இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டான். மில் அணிகளில் ஜெயிக்கிறவர்களுக்குத் தரும் கொடி இந்த வருஷம் டாகெட் மில்லுக்கு வந்தால் மடிப்பு அறை ஹோய்ட்டுக்கு நிரந்தரம் என்று சொன்னான். மடிப்பு அறையில் துணியைப் பார்த்து மடித்து அடுக்குவதுதான் வேலை, தூசி கிடையாது, ஜன்னல் உண்டு. வராவிட்டால் கார்டிங் என்றும் சொன்னான். கார்டிங்கில் பஞ்சைச் சீவும்போது பறக்கிற தூசியில் எதிரே நிற்கிறவன் முகம் தெரியாது. நல்ல நுரையீரல்காரனே அங்கே பத்து வருஷத்தில் இரும ஆரம்பித்துவிடுவான்.

ஆக அந்தக் கோடை முழுக்க ஹோய்ட் வீசிய ஒவ்வொரு பந்தும் அவன் மூச்சுக்காக வீசியது. எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஐடெல்லா அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா?

அவள் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால், கம்பி வலைக்கு அந்தப் பக்கம், முதல் வரிசையில் உட்காருவாள். மடியில் வேகவைத்த வேர்க்கடலைப் பை. எதிரணி கோச், அடித்தவன் ஓடித் தொட வேண்டிய மூன்றாவது பேஸ் பக்கத்தில் நின்று, பேட் பிடிக்கிறவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வான். எல்லாரும் மில்காரர்கள்தானே, சத்தமில்லாமல் உதட்டால்தான் சொல்வார்கள். ஐடெல்லா படித்துவிட்டு, பந்து வீசுகிற மண்மேட்டில் நிற்கும் தம்பிக்கு உதட்டாலேயே அனுப்பிவிடுவாள். ஹோய்ட் என் தலைக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்க்க முடியாது, என் கண் பந்தை விட்டு நகரக் கூடாது. அக்கா என்ன சொன்னாள் என்பதைத் தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்வேன்.

தப்புதான். யார் இல்லையென்றது? ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்லேட்டன் மில்காரர்கள் மட்டும் என்ன யோக்கியம், பந்தில் மெழுகு தடவுகிறவர்கள். அவர்கள் கோச் ஆஷ்மோருக்கு ஜூலையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. தன் திட்டம் எப்படியோ கசிகிறது என்று எங்கள் ஆட்கள் ஒவ்வொருவன் முகத்தையும் முறைத்து முறைத்துப் பார்த்தான். கடலை உரித்துக்கொண்டிருக்கும் விதவையை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை மத்தியானம், கொடிக்கான ஆட்டம், ஸ்லேட்டன் மைதானத்தில். எங்கள் லைன் வீடுகள் காலியாகி, பாலத்தைத் தாண்டி ஊரே போனது. பாலத்திலேயே இரண்டு பேர் மண்டை உடைந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜனங்கள் வெட்டு குத்து என்று நிற்க, இரண்டு மில் மேனேஜர்களும் மூன்றாவது பேஸுக்குப் பின்னால் நிழலில் பிரம்பு நாற்காலி போட்டு, ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிக் குடித்துக்கொண்டு, அண்ணன் தம்பி மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். நாங்கள் இரண்டு ரன், அவர்கள் ஒன்று. பேட் செய்வது அவர்கள். ஒருவன் அவுட், மூன்று பேர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பேஸில் ஒருவன், மூன்றாவது பேஸில் ஒருவன். ஒழுங்காக ஓர் அடி விழுந்தால் இரண்டு பேரும் ஓடி வந்து ஆளுக்கொரு ரன் எடுத்துவிடுவார்கள், கொடி போச்சு, ஹோய்ட் கார்டிங்குக்குப் போவான். ஸ்லேட்டன் கூட்டம் முழுவதும் அவன் மாதிரி இருமிக் காட்டியது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக இருமினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "சவப்பெட்டிக்கு அளவு எடுத்தாச்சாடா?" என்று ஒருத்தி கத்தினாள். அவளும் யாரோ ஒருவனுக்கு அக்காதான்.

ஹோய்ட் வெளுத்துப் போயிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வழக்கம்போல என் தலைக்கு மேலே பார்த்தான், அக்காவின் சைகைக்காக.

அப்போது அவன் முகம் மாறியது. நான் அதைப் பார்த்தேன். அடி வாங்கியவன் முகம்கூட இல்லை, வீட்டுக்கு வந்த தந்தியைப் படிக்கிறவன் முகம். பிறகு மண்மேட்டை விட்டு இறங்கி, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து இருமினான். நான் எழுந்து ஓடினேன்.

"என்னடா ஆச்சு? முடியலேன்னா சொல்லு, வேற ஆளைப் போடச் சொல்றேன்."

"ஒண்ணுமில்ல கிளெட்டஸ். தூசி. நீ போய் உக்காரு." வாயைத் துடைத்துக்கொண்டு, "அக்கா நம்மளப் பாக்குறாளா?" என்று கேட்டான்.

திரும்பிப் பார்த்தேன். ஐடெல்லா எங்களைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கடலையெல்லாம் கீழே கொட்டிக் கிடக்க, மூன்றாவது பேஸ் பக்கமே வெறித்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் பந்தைச் சட்டையில் துடைத்தான்.

அவள் எதைப் பார்த்தாள் என்பதை அன்றைக்கு நான் அறியவில்லை. ஆஷ்மோரின் உதட்டைப் படிக்கப் போன அவள் கண், அவனுக்கு நேர் பின்னால் பிரம்பு நாற்காலியில் இருந்த கில்ஸ்ட்ராப்பின் வாயில் போய் நின்றுவிட்டது. ஸ்லேட்டன் மேனேஜரிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான், சர்வ சாதாரணமாக: ஜெயித்தாலும் தோற்றாலும் இந்தப் பையனைத் திங்கட்கிழமை கார்டிங்கில் போடப்போகிறேன், மடிப்பு அறைக்கு என் மனைவியின் தங்கை மகன் வருகிறான், இவன் மூச்சு அடுத்த சீசனுக்குத் தாங்காது, தாங்காத குதிரைக்கு எதற்கு நிழல்? இரண்டு பேரும் சிரித்தார்கள். நாசமாய்ப் போனவன், சிரித்தான்.

அதற்கப்புறம் ஹோய்ட் ஒரு தடவைகூட என் தலைக்கு மேலே பார்க்கவில்லை. கவனமாக ஆடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன், நான் ஒரு முட்டாள். அடுத்த பந்தை வீசியதும் மூன்றாவது பேஸில் இருந்தவன் ஓடிவர ஆரம்பித்தான், பேட் பிடித்தவன் அடிக்காமல் மெதுவாகத் தட்டிவிட்டான். பந்து புல்லில் உருண்டது. இந்த மாதிரித் தந்திரத்தை அக்கா சொல்லித்தான் முன்கூட்டியே தெரிந்துகொள்வோம். அன்றைக்கு அவள் சொல்லவில்லை. பாதி நுரையீரலை வைத்துக்கொண்டு ஹோய்ட் எப்படி ஓடினான், எப்படிக் குனிந்தான் என்று கேட்காதீர்கள். வெறும் கையால் அள்ளி, விழுந்துகொண்டே எனக்கு எறிந்தான். ஓடி வந்தவன் என் மேல் மாடு மாதிரி மோதினான். பந்தை நான் விடவில்லை. அவுட்.

இன்னும் ஒருவன். அவனுக்கு மூன்று பந்து வெளியே போனது, இரண்டு ஸ்ட்ரைக், இன்னும் ஒன்று தவறவிட்டால் அவுட். கடைசிப் பந்து என் கைக்கு வரும்போது வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. அவன் காற்றை அடித்தான். அவ்வளவுதான், கொடி எங்களுடையது.

ஹோய்ட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினோம். அவன் சிரித்துக்கொண்டே வந்தான். ஐடெல்லா கூட்டத்தோடு கூட்டமாகக் கைதட்டிக்கொண்டு நடந்தாள். "ஜெயிச்சுட்டோம்கா, இனிமே ஜன்னல் பக்கமா உக்காந்து துணி மடிப்பேன்" என்று மேலே இருந்து அவன் அவளைப் பார்த்துக் கத்தினான். "ஆமாண்டா ராசா" என்றாள் அவள். அவள் குரல் நடுங்கியதை நான் சந்தோஷம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவனைக் கார்டிங்கில் போட்டார்கள். ஐடெல்லா கில்ஸ்ட்ராப்பின் ஆபீசுக்குப் போய் நின்றாள். மற்றவர்கள் தின்னாத தூசியா உன் தம்பிக்கு மட்டும் என்று கேட்டு அனுப்பிவிட்டான். வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று அவள் சொன்னாளாம். போகிற இடத்திலும் பஞ்சுதானே அக்கா, இருமுகிறவனை எவன் சேர்ப்பான் என்றானாம் ஹோய்ட். நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் செய்யவில்லை. எல்லாருக்கும் லைன் வீடு இருந்தது. ஃபிட்டராக இருக்கிற நான் ஒரு நாள் தறிகளை நிறுத்தியிருந்தால் அவன் இறங்கி வந்திருப்பானோ என்னவோ. நிறுத்தவில்லை. 

மூன்று வருஷம் ஓடியது. ஐம்பத்தொன்று நவம்பரில் ஹோய்ட்டால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. வயது இருபத்தெட்டு. கடைசி வாரம் பேசுவதற்கு மூச்சுப் போதவில்லை, குரல் நின்றுபோனது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. உதட்டை அசைப்பான், ஐடெல்லா படிப்பாள். தண்ணீர் வேண்டும், ஜன்னலைத் திற, கிளெட்டஸுக்குக் காப்பி கொடு. ஊரில் வேறு எந்த வீட்டிலும் சாகிறவனோடு அவ்வளவு பேசியிருக்கமாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நான் அங்கே போயிருந்தேன். ஐடெல்லா அவன் கையைப் பிடித்துக்கொண்டு திடீரென்று அழ ஆரம்பித்தாள். அன்றைக்கு மைதானத்தில் கில்ஸ்ட்ராப்பின் வாயில் படித்ததையெல்லாம் அப்போதுதான் அவள் வாய்விட்டுச் சொன்னாள். நானும் அப்போதுதான் கேட்டேன்.

"எல்லாம் தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்டா. இருக்கிற மூச்சையெல்லாம் அவனுங்க கொடிக்காக நீ கொட்டுறத உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். சொல்லியிருந்தா பந்தை மூஞ்சில எறிஞ்சிட்டு வந்திருப்பே. நான் பாவி."

ஹோய்ட் அவளைப் பார்த்துச் சிரித்தான். உதடு மெதுவாக அசைந்தது. நானும் தறிக்காரன்தான், நானும் படித்தேன்.

நீதான்கா சொன்னே, என்றான் அவன். உன் உதடு சொல்லிச்சு. ஜெயிச்சாலும் தோத்தாலும் திங்கட்கிழமை கார்டிங்னு. உனக்கே தெரியல.

ஐடெல்லாவின் கை தன் உதட்டுக்குப் போனது. எனக்கு அந்த மண்மேடு கண்முன்னே வந்தது, அந்த முகம், அக்கா பார்க்கிறாளா என்று அவன் கேட்டது, நல்லது என்று சொன்னது. மூன்று வருஷமாக, முன்பே தெரியாதவள் மாதிரி அவள் நடித்தாள், தெரியாதவன் மாதிரி அவன் நடித்தான். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சோளரொட்டி தின்றுகொண்டு.

"தெரிஞ்சுமா அந்தப் பந்தைப் போட்டே? எதுக்குடா?" என்று நான்தான் கேட்டேன். 

கொஞ்ச நேரம் மூச்சு சேர்த்துக்கொண்டான். தோத்திருந்தா, தான் சைகை குடுக்காததாலதான்னு அக்கா காலமெல்லாம் அழுதிருப்பா, என்றான். அதான் ஜெயிச்சேன்.

புதன்கிழமை அவன் போய்விட்டான்.

அடக்கத்தன்று பார்த்தேன், ஐடெல்லா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகையை அடக்குகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த நாளும் பொத்தியிருந்தாள், அதற்கு அடுத்த வாரமும். இப்போது ஒன்பது வருஷம் ஆகிறது. மில்லில் பேஸ்பால் அணியைக் கலைத்துவிட்டார்கள், கில்ஸ்ட்ராப் பக்கவாதத்தில் போய்ச் சேர்ந்தான், கொடி ஆபீஸ் சுவரில் மங்கிப்போய்த் தொங்குகிறது. அவள் இன்னும் பொத்திக்கொண்டுதான் இருக்கிறாள்.

தறியில் நிற்கும்போது மட்டும் முடியாது, இரண்டு கையும் வேண்டும். மத்தியானம் சரக்கு ஏற்றும் மேடையில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் முடியாது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பாள். உதடு அசையும். மரியாதைக்கு நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும், திரும்புவதில்லை. தினமும் படிக்கிறேன். வீசாதேடா தம்பி, கீழே வெச்சிட்டு வந்துடு, வீட்டுக்குப் போலாம். தினமும் அதேதான்.

அப்புறம் திடுக்கிட்டு, சட்டென்று வாயில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்புவாள்.

"கிளெட்டஸ், நான் இப்ப ஏதாவது சொன்னேனா?"

"இல்லையே ஐடெல்லா. ஒண்ணும் சொல்லலையே. சாப்பிடு" என்பேன்.